பகாவில் ஆறு நாள்: வெயில் எங்கே போகிறது?

முதல் நாள், திங்கள்

காலை ஆறரைக்குக் கோலாலம்பூரில் வேன் கிளம்பியது. சிரம்பான் ஒட்டுக்கடை ஒன்றில் ரொட்டி சானாய், தே தாரேக். அப்புறம் புக்கிட் புத்துஸ் ஏற்றம், கோல பிலா, அதையும் தாண்டினால் நெகிரி செம்பிலான் மாநிலத்து டவுன் பகாவ். பதினொரு மணிக்கெல்லாம் தோட்டத்து ஆபிசில் கையெழுத்துப் போட்டாயிற்று.

பத்து வயது வரை நான் வளர்ந்தது இதற்கு அடுத்த தோட்டத்தில். அப்பா ரப்பர் மரத்தில், நாங்கள் சொல்லும் பால்மரத்தில், பால் வெட்டினார், அம்மா களைக்கு மருந்தடித்தார். இப்போது என் வேலை ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்குக் கருவிகள் பொருத்திக் கொடுப்பது. இந்த முறை வந்திருப்பது நால்வர்: பேராசிரியர், முதுகலை மாணவி ஒருவர், வேன் ஓட்டும் அண்ணன், நான். அவர்கள் மூவரும் டவுனில் தங்குகிறார்கள். பெரியம்மா இன்னும் பழைய லயத்தில்தான், தோட்டத்து வரிசை வீட்டில்தான், இருக்கிறார். நான் அங்கே.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பால்மரத்தின் மேலும், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் மேலும், மரம் சாய்த்த மொட்டை நிலத்தின் மேலும், டவுன் தார் ரோட்டின் மேலும் விழுவது ஒரே வெயில்தான். அதில் ஒரு பங்கு உடனே வானத்துக்குத் திரும்பிவிடும். தரையில் தங்கும் மீதிக்கு மூன்று வழிகள் உண்டு. காற்றைச் சூடாக்கலாம். இலையிலும் மண்ணிலும் உள்ள நீரை ஆவியாக்கி, அந்த ஆவியோடு மறைந்து போகலாம். மண்ணுக்குள் இறங்கலாம். முதலாவதை உணர்வெப்பம் என்கிறோம், ஏனென்றால் உடம்பு அதை உணரும். இரண்டாவது உள்ளுறை வெப்பம், தெர்மாமீட்டரில் தெரியாது. எந்த நிலம் வெயிலை எந்த வழியில் எவ்வளவு அனுப்புகிறது என்று அளக்கத்தான் இந்த ஆறு நாள்.

மதியம் பால்மரக் காட்டுக் கோபுரத்தில் ஏறினேன். 30 மீட்டர் இரும்புக் கோபுரம், போன வருடம் நிறுத்தியது. இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு மரத்தலைகளுக்கு மேலே வந்ததும் சற்று நேரம் வேலையே ஓடவில்லை. இது பால்மரம் இலை உதிர்க்கும் காலம். பாதி மரங்கள் செம்பழுப்பாக, மீதி வெறும் கிளைகளாக. தெற்கே செம்பனை மட்டைகள் நட்சத்திரம் நட்சத்திரமாகக் கண்ணுக்கெட்டிய வரை. கிழக்கே ஒரு செம்மண் சதுரம், மரம் சாய்த்த இடம். அதன் ஓரத்தில் பெரியம்மா இருக்கும் லயம். தள்ளி டவுனின் தகரக் கூரைகள் வெயிலில் மின்னின. நாம் அளக்க வந்த அத்தனை நிலமும் ஒரே பார்வையில் கிடந்தது.

இரண்டாம் நாள், செவ்வாய்

செம்பனைக்குள். மரங்களுக்கு எட்டு வயது. கோபுரம் இல்லாததால், நீட்டி மடக்கும் கம்பத்தைப் பன்னிரண்டு மீட்டருக்கு உயர்த்தி நான்கு பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டினோம்.

கம்பத்தின் உச்சியில் இருப்பது ஒலிக் காற்றுமானி. உள்ளங்கை அகலத்தில், எதிரெதிராக நீட்டிய மூன்று ஜோடி இரும்பு விரல்கள். ஒரு விரலிலிருந்து எதிர் விரலுக்குக் காதுக்குக் கேட்காத ஒலி ஓடும், உடனே திரும்பி வரும். காற்றோடு போகும் ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போகும் ஒலி தாமதிக்கும். அந்த வித்தியாசத்திலிருந்து காற்றின் வேகம் கிடைக்கிறது. போகவர ஆன மொத்த நேரத்திலிருந்து காற்றின் சூடும் கிடைக்கிறது, ஏனென்றால் சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடும். இதெல்லாம் ஒரு விநாடிக்கு 20 தடவை. பக்கத்திலேயே இன்னொரு கருவி அகச்சிவப்புக் கதிரை வைத்து நீராவியை அதே வேகத்தில் அளக்கிறது.

ஏன் இத்தனை அவசரம்? வெப்பம் தரையிலிருந்து புகை மாதிரி நேராக ஏறுவதில்லை. சுழல் சுழலாக ஏறுகிறது. ஒரு சுழல் சூடான காற்றை மேலே தூக்கும், அடுத்த நொடியே இன்னொன்று மேலிருந்து குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளும். காற்று விநாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் ஏறும்போதெல்லாம் சராசரியைவிட அரை டிகிரி சூடாகவும், அதே வேகத்தில் இறங்கும்போதெல்லாம் அரை டிகிரி குளிர்ச்சியாகவும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 வாட் வெப்பத்தை மேலே ஏற்றிவிடும். இரண்டு பழைய குண்டு பல்பு அளவு. அரை டிகிரியை நம் தோல் கவனிக்கவே கவனிக்காது. எனக்கு இந்தக் கணக்கு அலுத்ததே இல்லை.

பழம் வெட்டும் கேங்கை மேற்பார்க்கும் மண்டோர் வந்து பார்த்தார். அறுபதை நெருங்கும் வயது. அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மரத்துக்கு மேல எதுக்குத் தம்பி அளக்கிறீங்க? நாங்க கீழதான வேலை செய்றோம்?”

நியாயமான கேள்வி. மேலே அளந்தால் தோட்டம் முழுவதும் காற்றுக்குக் கொடுக்கும் வெப்பம் தெரியும் என்று சொன்னேன். “சரி, கீழ?” என்றார். பேராசிரியர் வேனிலிருந்து ஒரு கறுப்பு உருண்டையை எடுத்துவரச் சொன்னார். 15 சென்டிமீட்டர் செப்பு உருண்டை, கறுப்புச் சாயம் பூசியது, நடுவில் தெர்மாமீட்டர். வெறும் காற்றின் சூட்டை மட்டும் காட்டாமல், வெயிலும் சுற்றியுள்ள பொருள்களும் வீசும் சூட்டையும் சேர்த்து உடம்பு வாங்குவதுபோல் வாங்கிக்கொள்ளும். அதைத் தலை உயரத்தில் தொங்கவிட்டோம். மண்டோர் கேட்டிருக்காவிட்டால் அது பெட்டியிலேயே கிடந்திருக்கும்.

பொழுது சாயும் நேரம் ஒரு கூகை வந்து கம்பத்தின் குறுக்குக் கையில் உட்கார்ந்தது. எலியைப் பிடிக்கச் செம்பனைத் தோட்டங்களில் மரப்பெட்டி வைத்து வளர்ப்பார்களே, அந்த வெள்ளை முகக் கூகை. கருவியிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தது. அந்த அரை மணி நேரக் கணக்கை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் யாருக்கும் விரட்ட மனம் வரவில்லை.

மூன்றாம் நாள், புதன்

இன்றைய நாள் முழுக்க மொட்டை நிலத்தில்.

செம்பனை இருபத்தைந்து வயதை நெருங்கினால் சாய்த்துவிடுவார்கள். மரம் உயர்ந்துவிடும், குலை எட்டாது. முன்பெல்லாம் கொளுத்துவார்கள். இப்போது கொளுத்துவதில்லை. தண்டைத் துண்டு துண்டாகச் சீவி வரிசையாகக் குவித்து மக்கவிடுகிறார்கள். வரிசைகளுக்கு நடுவே ஒன்பது மீட்டருக்கு ஒன்றாகப் புதுக்கன்று. முழங்கால் உயரம், நான்கைந்து மட்டை. மீதியெல்லாம் திறந்த செம்மண். மூடுகொடி இப்போதுதான் அங்கங்கே தலைகாட்டுகிறது.

இங்கே என் முதல் வேலை மண்ணுக்குள் இறங்கும் வெப்பத்தை அளக்கும் தகட்டைப் புதைப்பது. பிஸ்கட் அளவு வட்டத் தகடு. குழி தோண்டி மேலே வைத்து மூடினால் சரியாக வராது, மண்ணின் கட்டுமானம் கலைந்துவிடும். பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதன் சுவரில் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் கத்தியால் ஒரு கீற்றுக் கிழித்து, தகட்டைப் பக்கவாட்டில் செருக வேண்டும். தகட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் எண் பொய் சொல்லும். விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். மேலே மண் பொரிந்து கிடந்தது, எட்டு சென்டிமீட்டர் கீழே இன்னும் ஈரம், குளிர்ச்சி. நான்கு விரல் ஆழத்துக்குள் இரண்டு வேறு உலகம்.

மதியம் ஒரு மணிக்கு மேல்மண் 50 டிகிரியைத் தாண்டியது. பூட்ஸ் அடியில் சூடு தெரிந்தது. ஈரமில்லாத மேல்மண்ணுக்கு வெயிலை ஆவியாக மாற்ற வழியில்லை. கிடைத்ததில் பெரும்பங்கைக் காற்றுக்கே கொடுத்துவிடுகிறது. செம்பனைக்குள் நேற்று நடந்தது நேர்மாறு. அங்கே பெரும்பங்கு ஆவியாகிப் போனது. நடுவில் இருப்பது ஒரு மண்பாதை, இருபதடி அகலம்.

அந்த ஆவிக் கணக்கையும் சொல்லவேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 24.5 லட்சம் ஜூல் வேண்டும். வளர்ந்த மரங்கள் நிற்கும் ஈர வெப்பமண்டல நிலம் ஒரு நாளில் 4 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்குவது சாதாரணம். 4 மில்லிமீட்டர் என்றால் கேட்கக் கொஞ்சம்தான். ஓர் ஏக்கருக்கு அது 16,000 லிட்டர். தினமும், சத்தமில்லாமல், ஒவ்வோர் ஏக்கரிலிருந்தும் இரண்டு மூன்று தண்ணீர் லாரி மேலே போகிறது. மரத்தைச் சாய்த்த அன்றே அதில் பெரும்பங்கு நின்றுவிடுகிறது. வெயில் மட்டும் நிற்பதில்லை.

மாலையில் பேராசிரியரோடு பேசிக்கொண்டிருந்தேன். இந்த அளவீட்டுக்கு அடித்தளமான கோட்பாட்டை ரஷ்யர்களான மோனினும் ஒபுகோவும் 1954இல் எழுதினார்கள். 1968இல் அமெரிக்காவின் கான்சாசில், கோதுமை அறுத்த தட்டையான வயலில், 32 மீட்டர் கோபுரம் நிறுத்தி அதைச் சோதித்தார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே அரிதாள் நிலம். அந்தக் கணக்கு அப்படிப்பட்ட நிலத்துக்குப் பொருந்தும். கோபுரத்தின் மேலிருந்து நான் பார்த்த நிலமோ ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி இருக்கிறது. கம்பத்தில் உள்ள கருவி காற்று வரும் திசையில் இருக்கும் நிலத்தைத்தான் ‘பார்க்கிறது’. பயிருக்கு மேலே மூன்று மீட்டரில் கருவி வைத்தால், அந்தப் பயிர் காற்றடிக்கும் பக்கம் முந்நூறு மீட்டராவது தொடர்ந்து இருக்கவேண்டும் என்பது கைக்கணக்கு. காற்று திரும்பினால் பார்க்கும் நிலமும் மாறிவிடும்.

ஜெர்மனியில் லிண்டன்பெர்க் பக்கம் 2003 மே, ஜூன் மாதங்களில் லிட்ஃபாஸ் என்று ஒரு பெரிய அளவீடு நடந்தது. 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் பரப்பு. வயல், புல், பைன் காடு, ஏரி எல்லாவற்றிலும் தனித்தனியே நிலையம் வைத்து, மேலே ஹெலிகாப்டரில் கருவியைத் தொங்கவிட்டும் பறந்தார்கள். அங்கே காடுதான் வயலைவிடக் காற்றை அதிகம் சூடாக்கியது. எங்கள் மாணவிக்கு இது பெரிய ஆச்சரியம். பைன் மரம் கறுப்பு, வெயிலை நிறைய வாங்கும், ஆனால் நீரைச் சிக்கனமாக விடும். காடு என்றாலே காற்று குளிர்ந்துவிடும் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். எந்தக் காடு, அதன் வேருக்கு எவ்வளவு ஈரம் என்று கேட்காமல் அதைச் சொல்லக்கூடாது.

நிலம் இப்படி ஒட்டுப்போட்டுக் கிடப்பதால்தான் நாங்களும் ஓர் ஒளிக்கதிரை விட்டோம். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேலிருந்து பால்மரக் கோபுரத்துக்கு, செம்பனை, மொட்டை நிலம் இரண்டையும் கடந்து. சூடான தரைக்கு மேல் காற்று நடுங்கும்போது கதிரும் நடுங்கும். அந்த நடுக்கத்தின் அளவிலிருந்து வழியெங்கும் ஏறும் உணர்வெப்பத்தின் சராசரி கிடைக்கும். தார் ரோட்டின் மேல் மதியத்தில் நெளிகிறதே, கானல், அதற்கும் இதற்கும் மூலம் ஒன்றுதான். கானலுக்குப் பழந்தமிழில் பேய்த்தேர் என்று பெயர். தொட்டியின் மேல் உட்கார்ந்து தொலைநோக்கி வழியே குறிபார்க்கையில், எதிரே கோபுரம் தண்ணீருக்குள் நிற்பதுபோல் ஆடியது. தேர் என்று பெயர் வைத்தவர் சரியாகப் பார்த்திருக்கிறார்.

நான்காம் நாள், வியாழன்

மழை. இரண்டு மணிக்குக் கறுத்தது, மூன்றுக்குக் கொட்டியது. ஒலிக் காற்றுமானியின் விரல்களில் நீர்த்துளி நின்றால் கணக்குக் கெட்டுவிடும். செம்பனைக் கம்பத்தில் வேறொரு சிக்கல்: எலி கேபிளைக் கடித்திருந்தது. முந்தின இரவின் பதிவு முழுவதும் போயிற்று. கேபிளை இரும்புக் குழாய்க்குள் விட்டிருக்க வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் எலி இருக்கும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

டவுனில் சும்மா உட்கார்ந்தோம். பகாவ் ரயில் நிலையம் அமைதியாகக் கிடந்தது, கிமாசிலிருந்து தும்பாட் வரை போகும் பாதை இது. ஜப்பான்காரர் காலத்தில், 1943 முடிவில், சிங்கப்பூரிலிருந்து யுரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் இங்கே காட்டை வெட்டிக் குடியேறச் சொல்லி அனுப்பினார்கள். மலேரியாவில் நிறையப் பேர் இறந்தார்கள்.

மழை விட்டபின் மொட்டை நிலத்துக்குப் போய் நின்றோம். ஆவி எழுந்துகொண்டிருந்தது, கண்ணாலேயே பார்க்க முடிந்தது. நேற்று முழுக்கக் காற்றைச் சூடாக்கிய அதே மண் இன்று நீரை ஆவியாக்குகிறது. உணர்வெப்பத்துக்கும் உள்ளுறை வெப்பத்துக்கும் உள்ள விகிதத்தை 1926இல் வகுத்துத் தந்த போவன் பெயரால் போவன் விகிதம் என்கிறோம். இந்த ஓர் இடத்தில், ஒரே நாளில், அது தலைகீழாக மாறியது. மேல்மண் காய்ந்ததும் பழையபடி ஆகிவிடும்.

ஐந்தாம் நாள், வெள்ளி

வெயில் திரும்பிவிட்டது. இன்று பெரியம்மாவின் கங்கோங் கீரைப் பாத்தி.

லயத்துக்குப் பின்னால், மொட்டை நிலம் முடியும் இடத்தில், ஒரு தாழ்வான ஈர மூலை. ஒரு பேட்மிண்டன் கோர்ட் அளவு இருக்கும். எந்நேரமும் தண்ணீர் நிற்கும். இந்தத் திட்டுக்குத் தனியாகக் கம்பம் நிறுத்தினால் பயனில்லை, அது பார்க்கும் நிலம் பாத்தியைத் தாண்டிவிடும். அதனால் நான் எளிய வழிக்குப் போனேன். ஒரு மூங்கில் கழி. தண்ணீர்மட்டத்திலிருந்து அரை மீட்டரில் சூட்டை அளக்கும் ஒரு மெல்லிய கம்பி, ஒன்றரை மீட்டரில் இன்னொன்று. இரண்டுக்கும் வெள்ளைக் குடை, உள்ளே சின்ன விசிறி.

காலையில் கீழே உள்ளது கொஞ்சம் சூடாக இருந்தது. பகலில் பொதுவாக அப்படித்தான், தரை காற்றைச் சூடாக்கும். ஒன்றரை மணிக்கு மொட்டை நிலத்திலிருந்து காற்று இந்தப் பக்கம் திரும்பியது. எண்கள் இரண்டும் நெருங்கின. அப்புறம் மாறின. மேலே சூடு, கீழே குளிர்ச்சி. கொளுத்தும் வெயிலில், பட்டப்பகலில், வெப்பம் காற்றிலிருந்து கீழே கங்கோங் இலைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பாத்தி தன்மேல் விழும் வெயிலோடு பக்கத்து நிலம் அனுப்பிய சூட்டையும் வாங்கி ஆவியாக்குகிறது. பாலைவனச் சோலைகளில் இது நடக்கும் என்று படித்திருக்கிறேன். லயத்துக் கொல்லையில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

பெரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“இது என்னடா கண்ணு, புதுசா? சாயங்காலம் கீரை பறிக்கையில கால் சில்லுன்னு இருக்கும், மூஞ்சில அனல் அடிக்கும். மரத்தை வெட்டினதிலேர்ந்து அப்படித்தான்.”

அப்போதிலிருந்தே சொல்கிறாராம், யாரும் கேட்கவில்லை. செம்பனை நின்றபோது லயத்துக்குப் பின்பக்கத்திலிருந்து வந்த காற்று வேறு, இப்போது வருவது வேறு என்கிறார். முன்பக்கத்து வீடுகளில் அவ்வளவு தெரியவில்லையாம். மொட்டை நிலத்தின் சூடு மொட்டை நிலத்தோடு நிற்பதில்லை, காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போய்ச் சேர்கிறது. இந்த வாரம் நான் தூக்கி நிறுத்திய அத்தனை கம்பங்களும் ஒவ்வொரு நிலத்தின் நடுவில் நின்றன, ஓரத்தில் ஒன்றுகூட இல்லை. ஆட்கள் குடியிருப்பதெல்லாம் ஓரத்தில்தான். பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அடுத்த முறை லயத்தின் பின்சுவரிலிருந்து மொட்டை நிலத்துக்குள் இருபது மீட்டருக்கு ஒன்றாகக் கழி நடலாம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஆறு மணிக்குப் பெரியம்மா வாசலில் தண்ணீர் தெளித்தார். ஒரு வாளி, பத்து லிட்டர். அது முழுவதும் ஆவியானால் இழுக்கும் வெப்பம், ஒரு குதிரைசக்தி ஏர்கண்டிஷனர் இரண்டரை மணி நேரம் ஓடி வெளியேற்றும் வெப்பத்துக்குச் சமம். அத்தனையும் வீட்டுக்குள்ளிருந்து போவதில்லை, திறந்த வாசலிலும் காற்றிலும் பிரிந்துவிடும். ஆனாலும் சிமெண்டுத் தரையில் கைவைத்துப் பார்த்தேன். தெளித்த இடத்தையும் தெளிக்காத இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

ஆறாம் நாள், சனி

கம்பங்களை இறக்கினோம், கம்பிகளைச் சுருட்டினோம், தகட்டைத் தோண்டி எடுத்துப் பள்ளத்தை மூடினோம்.

மாணவி காலை முழுக்க மடிக்கணினியோடு இருந்தார். தரையில் தங்கிய வெயிலும், அது போன மூன்று வழிகளின் கூட்டும் சமமாக வரவேண்டும். வரவில்லை, ஒரு பங்கு காணவில்லை. முகம் வாடிவிட்டது. பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: உலகெங்கும் இந்தக் கருவியால் அளப்பவர்களுக்கு 10 முதல் 30 விழுக்காடு வரை இப்படிக் குறைகிறது. கருவி மட்டும் காரணமில்லை. வேறு வேறு நிலங்கள் அடுத்தடுத்து இருக்கும்போது, அவற்றின் சூட்டு வித்தியாசத்தால் பெரிய, மெதுவான சுழல்கள் எழும். ஓர் இடத்தில் நிற்கும் கம்பம் அரை மணி நேரச் சராசரியில் அவற்றைப் பிடிப்பதில்லை. குறைந்த எண்ணை மறைக்காமல் அப்படியே எழுது என்றார். அவர் சொன்னது எனக்குப் பிடித்தது.

திரும்பும் வழியில் சிம்பாங் பெர்த்தாங் வரை போய், பாசோ காட்டின் ஓரத்தில் வேனை நிறுத்தினோம். 50 ஹெக்டேரில் 800க்கும் அதிகமான மர இனங்களை எண்ணிய காடு. உள்ளே 52 மீட்டர் கோபுரத்தில் வெப்பமும் ஆவியும் கரியமிலவாயுவும் அளந்திருக்கிறார்கள். மூன்று பக்கமும் செம்பனை. அனுமதி இல்லாததால் உள்ளே போகவில்லை. செம்பனை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்றோம்.

கறுப்பு உருண்டையைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கி, லயத்தின் பின்தாழ்வாரத்தில் கட்டிவிட்டு வந்திருக்கிறேன். தினமும் இரண்டு மணிக்கு எண்ணைப் பார்த்து நாள்காட்டித் தாளில் எழுதிவைப்பதாகப் பெரியம்மா சொன்னார். கிழித்த தாள்களைப் பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பாராம். கோல பிலா தாண்டும்போது போன் வந்தது.

“முப்பத்தொம்பது. காத்து பின்னாடியிலேர்ந்து அடிக்குது. அதையும் எழுதணுமா?”

எழுதுங்க பெரியம்மா, அதையும் எழுதுங்க என்றேன்.